ஓடாதவன் உழைக்காதவனா?



பள்ளிகளுக்கிடையிலான காற்பந்துப் போட்டிகள் நடைபெறும் திடல் எதுவாயினும், அதன் ஓரத்தில் சற்று நேரம் நின்றால் போதும். "இவன் முயற்சியே செய்யவில்லை" என்னும் தீர்ப்பு எவர் வாயிலிருந்தேனும் வந்துவிடும். சொல்பவர் தந்தையாக இருக்கலாம், பயிற்றுநராக இருக்கலாம், எதிரணிப் பள்ளியின் ஆசிரியராகவும் இருக்கலாம். பந்தை உதைக்கத் தெரியவில்லை என்று சொன்னால் ஒரு சிறுவன் அதைத் தாங்கிக் கொள்வான். கற்றுக்கொண்டால் சரியாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். முயற்சி செய்யவில்லை என்று சொல்லும்போது அவனுடைய குணத்தையே குறை கூறுகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு நன்றாகவே புரிகிறது.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் பயின்ற காலத்தில் புறப்பாட நடவடிக்கைக்கான பயிற்சியில் காற்பந்தும் இடம்பெற்றது. திடலின் அளவு, ஆட்ட விதிகள், நடுவரின் சைகைகள் ஆகியவற்றையெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் ஆட்டக்காரனின் முயற்சியை எப்படி மதிப்பிடுவது என்று எந்த விரிவுரையாளரும் சொல்லித்தரவில்லை. ஆனால், பள்ளிக்கு வந்த பிறகு ஆண்டுதோறும் நாம் செய்யும் வேலை அதுதான். அணிக்கு ஆள் சேர்க்கும்போதும், தேர்ச்சி அறிக்கையில் குறிப்பு எழுதும்போதும் அதைத்தான் செய்கிறோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்தித்துப் பார்ப்போமே என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு நிமிடமும் எண்பத்தெட்டு நிமிடமும்

தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் வரை நகர்கிறார். இதில் முழு வேகத்தில் ஓடும் தூரம் சிறு பகுதியே. எஞ்சியதெல்லாம் நடையும் மெல்லோட்டமுமே. பந்து அவருடைய காலில் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான் வரும். ஆக, எண்பத்தெட்டு நிமிடங்கள் அவர் பந்தில்லாமல்தான் ஆடுகிறார். நமது கண்களோ பந்தை விட்டு நகர்வதே இல்லை. பார்வையாளராகிய நாம் ஒருவரின் உழைப்பைப் பற்றித் தீர்ப்பு வழங்கும்போது, அவருடைய ஆட்டத்தின் மிகச் சிறிய பகுதியை மட்டும் பார்த்துவிட்டே வழங்குகிறோம்.

லியோனல் மெஸ்ஸி ஆட்டத்தின் பெரும்பகுதியை நடந்தே கழிப்பவர் என்பது காற்பந்து உலகம் அறிந்த செய்தி. 2022ஆம் ஆண்டு கத்தாரில் அர்ஜென்டினா உலகக் கிண்ணத்தை வென்றபோதும் அவர் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார். நடக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பி எதிரணித் தற்காப்பாளர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள், எந்த இடம் காலியாக இருக்கிறது என்று கணித்துக்கொண்டே இருப்பார். அதே மெஸ்ஸி பத்து வயதில் நம் பள்ளி அணிக்கு ஆடியிருந்தால், திடலோரத்தில் நிற்பவர்கள் அவரை என்ன சொல்லி வைதிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதைச் சொல்வதால் நடப்பவர்கள் எல்லாரும் மெஸ்ஸி ஆகிவிட மாட்டார்கள். சோம்பலாலும் நடக்கலாம், சிந்தித்தும் நடக்கலாம். தொலைவிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

மஸ்ஜித் இந்தியாவில் ஓர் உரையாடல்

பள்ளி விடுமுறைகளிலும் சில சனிக்கிழமை மாலைகளிலும் நான் மஸ்ஜித் இந்தியா பக்கம் செல்வதுண்டு. புடவைக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டி, பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள ஓர் ஒட்டுக்கடையில் அமர்ந்தால் பொழுது போவதே தெரியாது. அங்கு எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். துணிக்கடையில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இளமையில் கடையை அடைத்தவுடன் மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்தே போய் ஆட்டம் பார்த்தவர். கடைத் தொலைக்காட்சியில் எந்த ஆட்டம் ஓடினாலும் அவருடைய வாய் சும்மா இருக்காது.

ஒரு நாள், தொலைக்காட்சியில் ஆடிக்கொண்டிருந்த கோல் காவலரைப் பார்த்துப் பக்கத்து மேசை இளைஞர்கள், "சும்மா மரம் மாதிரி நிற்கிறான்" என்று கேலி செய்தார்கள். பெரியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"நிக்கிறதுதான் தம்பி அவன் வேலை. ஆறுமுகத்தைப் பார்த்திருக்கியா நீ? நிக்கிற இடம் தெரிஞ்சு நின்னா, பாய வேண்டிய அவசியமே வராது."

ஆர். ஆறுமுகம் என்னும் பெயரை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த தேசியக் கோல் காவலர் அவர். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் தூண்களில் ஒருவர். 1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்தில், முப்பத்தைந்தே வயதில், அவர் மறைந்தார். 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் அந்த ஒலிம்பிக் அணியின் கதையைத் தழுவியதுதான்.

அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. சோ சின் ஆவ்ன், சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி, ஆறுமுகம் ஆகியோரின் உழைப்புக்குக் கிடைத்திருக்க வேண்டிய மேடை கிடைக்கவே இல்லை. ஆயினும் அவர்கள் உழைக்கவில்லை என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை. பலனை வைத்து முயற்சியை அளக்க முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

கோல் காவலரைப் பற்றிப் பெரியவர் சொன்னதற்கு ஓர் ஆய்வும் துணை நிற்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் 286 தண்ட உதைகளை ஆராய்ந்தார்கள். பந்துகளில் 100க்கு ஏறத்தாழ 29 கோலின் நடுப்பகுதிக்கே வந்தன. ஆனால் கோல் காவலர்கள் நடுவில் அசையாமல் நின்றது 100க்கு 6 முறை மட்டுமே. மற்ற வேளைகளில் இடப்பக்கமோ வலப்பக்கமோ பாய்ந்தார்கள். நடுவில் நின்றிருந்தால் அவர்கள் தடுத்திருக்கக்கூடிய பந்துகள் இன்னும் அதிகம். பிறகு ஏன் பாய்கிறார்கள்? பாய்ந்து பந்தைத் தவறவிட்டால் "பாவம், முயன்றார்" என்பார்கள். நின்று தவறவிட்டால் "முயலவே இல்லை" என்பார்கள். உலகத் தரத்தில் ஆடும் கோல் காவலருக்கே பார்வையாளரின் தீர்ப்பைக் குறித்து இவ்வளவு அச்சம் இருக்குமாயின், நம் பள்ளிச் சிறுவனைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? அவன் நமக்காக ஓடிக் காட்டத் தொடங்கிவிடுவான். தேவையில்லாத இடத்துக்கு ஓடுவான்; களைத்துப்போவான்; உண்மையாகவே ஓட வேண்டிய நேரத்தில் கால் எழாது.

ஐயம் புகுந்த ஆண்டுகள்

அன்றைய உரையாடல் அத்துடன் முடியவில்லை. பெரியவர் 1994, 1995ஆம் ஆண்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மலேசியக் காற்பந்தின் மிகப் பெரிய சூதாட்ட ஊழல் வெளிப்பட்ட காலம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் ஆடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பது வெட்ட வெளிச்சமாயிற்று.

"அதுக்கப்புறம் நான் அரங்கம் பக்கமே போகலை வாத்தியாரே. ஒருத்தன் பந்தை விட்டான்னா, அவன் கால் தவறிச்சா, இல்லை கை நீட்டினானான்னு யோசனை வந்துடும். அப்புறம் எப்படி ஆட்டம் பார்க்கிறது?"

எனக்கு அப்போது பதின்ம வயது. பெரியவர் சொன்ன அந்த ஐயத்தை நானும் கண்டிருக்கிறேன். வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த பெரியவர்கள், ஒவ்வொரு தவற்றுக்கும் ஒரு விலை பேசினார்கள். குற்றம் செய்தவர்கள் சிலர். ஐயத்துக்கு ஆளானவர்களோ அனைவரும். நேர்மையாக ஆடியவர் தம் நேர்மையைத் திடலில் நிறுவ வழியே இருக்கவில்லை. முயற்சியைப் பற்றிய ஐயம் ஒருமுறை புகுந்துவிட்டால், நல்ல ஆட்டம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

வகுப்பறையிலும் இதுவே நடக்கிறது. 'இவன் சோம்பேறி' என்று ஓர் ஆசிரியர் சொல்லி வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு ஆசிரியரும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அவனைப் பார்க்கிறார்.

இருபத்தெட்டு நாள்கள்

முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதன் தீங்குக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 2010 டிசம்பர் 1ஆம் நாள், தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில் மலேசியா ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. பயிற்றுநர் கே. ராஜகோபால், அதற்கு முந்திய ஆண்டுதான் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று கொடுத்தவர். ஐந்து கோல் வாங்கிய இரவில், ஓர் ஒட்டுக்கடையிலாவது அவ்வணியின் உழைப்பைப் பாராட்டி ஒரு சொல் எழுந்திருக்குமா என்பது ஐயமே.

அதன் பிறகு தாய்லாந்துடன் 0-0. லாவோஸை 5-1 என்று வெற்றி. அரையிறுதியில் வியட்நாமை வீழ்த்தியது. புக்கிட் ஜாலிலில் நடந்த இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 29ஆம் நாள், அதே ஜகார்த்தாவில், இரண்டாம் சுற்றில் 1-2 என்று தோற்றாலும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் நம் கைக்கு வந்தது. அந்த ஆட்டத்தில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த தண்ட உதையைக் கைருல் ஃபாமி தடுத்ததை மறக்க முடியுமா? அணியில் நம் எஸ். குணாளனும் இருந்தார்.

இடையில் இருந்தவை இருபத்தெட்டு நாள்கள். பயிற்றுநரும் அவரே, அணியும் அதே அணிதான். டிசம்பர் முதல் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பை ராஜகோபாலும் நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

குறிப்பேட்டில் கண்டது

இனி, என் அனுபவத்தில் ஒன்று. எங்கள் பள்ளி அணியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வலப்பக்கத் தற்காப்பில் ஆடினான். பருத்த உடல், மெல்லிய குரல். தந்தையார் கனவுந்து ஓட்டுநர். ஓய்வு கிடைக்கும் நாளெல்லாம் ஆட்டம் பார்க்க வந்துவிடுவார். வந்தால் ஒரே சொல்தான்: "ஓடுடா! ஓடுடா!" மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்களும் அவருடன் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நாள் அந்தச் சிறுவன் தன் சட்டையை மடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

காரணம் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "நான் ஓடினால் அந்த இடம் காலியாகிவிடும், சார். நீங்கள்தானே அங்கேயே இருக்கச் சொன்னீர்கள்."

சட்டையைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த ஆட்டத்துக்கு மட்டும் வா என்றேன். அந்த ஆட்டத்தில் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவன் ஒருவனை மட்டும் பார்த்துக் குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டாம் பாதியில் மட்டும் பதினொரு முறை, பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதே, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். நான்கு முறை எதிரணி வீரன் உள்ளே நுழையவிருந்த வழியில் முன்கூட்டியே போய் நின்றான். அவ்வீரன் பந்தை வேறு பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. இந்த நான்கு முறையும் அவன் பந்தைத் தொடவே இல்லை. ஆகையால் எவரும் கைதட்டவும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் அந்தக் கோடுகளை அவனுடைய தந்தையாரிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார். "இதையெல்லாம் யார் சார் கவனிக்கிறார்கள்?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆட்டத்திலும் அவருடைய குரல் திடல் முழுவதும் கேட்டது. சொல் மட்டும் மாறியிருந்தது. "பின்னால பாருடா! பின்னால பாரு!"

மகன் அந்த ஆண்டு முழுவதும் ஆடினான்.

வள்ளுவர் வகுத்த வரிசை

முயற்சியை மதிப்பிட நமக்கு அளவுகோல் ஒன்று வேண்டுமல்லவா? அதைத் தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. திருக்குறளில் அடுத்தடுத்து நான்கு அதிகாரங்கள் இருக்கின்றன: 60ஆவது ஊக்கமுடைமை, 61ஆவது மடியின்மை, 62ஆவது ஆள்வினையுடைமை, 63ஆவது இடுக்கணழியாமை. நாம் 'முயற்சி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை வள்ளுவர் நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார். அந்த வரிசையையே நான் திடலுக்கு எடுத்துச் செல்கிறேன்.

1. ஊக்கம்: இது உள்ளத்தின் விழிப்பு. பந்து வருவதற்கு முன் அவன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறானா? கவனம் ஆட்டத்தில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? கால்களைவிடக் கண்கள் இதைத் தெளிவாகக் காட்டும்.

2. மடியின்மை: சோம்பல் இல்லாமை. பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று வினாடிகளில் அவன் செய்வது என்ன? இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, தன் இடத்துக்குத் திரும்புகிறானா? நடப்பது சிந்தனையாலா, சோம்பலாலா என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் இங்கேயே விடை கிடைத்துவிடும்.

3. ஆள்வினை: விடாமல் செய்தல். காலியிடம் தேடி மூன்று முறை ஓடியும் நண்பன் பந்தைத் தரவில்லை. நான்காம் முறையும் ஓடுகிறானா? கடைசிப் பத்து நிமிடத்திலும் ஓடுகிறானா? ஒருமுறை பாய்ந்து விழுவதைக் காட்டிலும் இதுதான் கடினம். இதைப் பார்க்க நமக்கும் பொறுமை வேண்டும்.

4. இடுக்கண் அழியாமை: தன் தவற்றால் ஒரு கோல் போய்விட்டது. அதன் பிறகு அவன் பந்தைக் கேட்டு வருகிறானா, பந்து வராத இடமாகப் பார்த்து ஒளிந்துகொள்கிறானா? ஒளிந்துகொண்டால் அவனைக் கடிந்துகொள்ளும் முன், தவறு நேர்ந்தபோது திடலோரத்திலிருந்து நாம் என்ன சொன்னோம் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த நான்குக்கும் முன்பாக இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. அவனுக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது? அவனால் இயன்றது எவ்வளவு? காலையில் உண்ணாமல் வந்த பிள்ளையும், பெற்றோர் இருவரும் இரவு வேலைக்குச் சென்றதால் தம்பியைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்த பிள்ளையும் நம் அணிகளில் உண்டு. அண்ணனின் பெரிய காலணியைப் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளையும் உண்டு. அவன் ஓடும் ஐந்நூறு மீட்டரையும், எல்லா வசதியும் பெற்றவன் ஓடும் ஆயிரம் மீட்டரையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

தேர்ச்சி அறிக்கையில் இரண்டு சொற்கள்

இது காற்பந்தோடு நிற்கிற செய்தியாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீடுதான் நம் மாணவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஆசிரியர் எழுதும் குறிப்புக்கு முன்னெப்போதும் இல்லாத எடை வந்திருக்கிறது. 'முயற்சி தேவை' என்னும் இரண்டு சொற்களை எழுதுவதற்கு ஒரு நொடி போதும். அந்த அறிக்கை வீட்டுக்குப் போன பிறகு அங்கு என்ன நடக்கிறது என்பதை நாம் பார்ப்பதில்லை.

அந்தச் சொற்களை எழுதவே கூடாது என்று நான் கூறவில்லை. உண்மையிலேயே முயலாத மாணவனிடம் அதைச் சொல்லாமல் விடுவதும் அவனுக்கு நாம் செய்யும் தீங்கே. ஆனால் எதைப் பார்த்து அதை எழுதுகிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை உயர்த்தி உயர்த்திக் கேள்வி கேட்கும் மாணவன் பாயும் கோல் காவலனைப் போன்றவன். அவனுடைய முயற்சி எல்லாருக்கும் தெரியும். மூலையில் அமர்ந்து, தவறான விடையைத் தானே அழித்துவிட்டு மீண்டும் எழுதும் மாணவியின் அழிப்பான் துகள்களை யார் எண்ணுகிறார்கள்?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்தில் ஒரு பாதி முழுவதும் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள். பந்து எங்குப் போனாலும் கண்ணை அவனைவிட்டு எடுக்காதீர்கள். வகுப்பிலும் வாரத்துக்கு ஒரு பிள்ளையை அவ்வாறு பாருங்கள். கண்டதை எழுதி வையுங்கள். 'முயற்சி தேவை' என்று எழுத வேண்டிய நிலை வந்தால், அதனுடன் 'எதில்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், "ஏன் ஓடவில்லை?" என்று தொடங்காதீர்கள். "இன்றைக்கு ஆசிரியர் உன்னை என்ன செய்யச் சொன்னார்?" என்று கேளுங்கள். விடை சொல்ல அவனுக்குச் சற்று நேரம் ஆகலாம். வண்டியை மெதுவாகவே ஓட்டுங்கள்.